மெழுகு வாங்கிய நிலம்

இலங்கையின் மருதமுனையில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, துணி விற்று எழுந்த ஒரு கலைக்கூடத்தின் கதை உடனே பிடித்துப்போகும். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சொல்கிறேன்.

சென்னை ஓவியக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் ஒரு கவலை இருந்தது. படம் விற்காத மாதத்தில் சோற்றுக்கு என்ன வழி? கைவினையில் இறங்கினார்கள். முக்கியமாக பத்திக். உருக்கிய மெழுகால் துணியில் கோடிழுத்துச் சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகு மூடிய இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு வெடித்த இடங்களில் மட்டும் நரம்புபோல ஊறி நிற்கும். பத்திக்கின் உயிரே அந்த வெடிப்புகள்தான். தூரிகையால் அவற்றைப் போட முடியாது. இப்படி விற்ற துணிகள் நிலம் வாங்கக் கைகொடுத்தன. சவுக்குத்தோப்பும் மணலுமாய்க் கிடந்த அந்த நிலத்தில் ஓவியர்கள் தாங்களே வீடு கட்டிக் குடியேறினார்கள்.

ஜே. சுல்தான் அலி அங்கே பழங்குடிக் கதைகளின் காளைகளையும் தெய்வங்களையும் எழுத்துகளோடு பின்னி வரைந்தார். எஸ். நந்தகோபால் செம்பைப் பற்றவைத்துச் சிற்பம் செய்தார். கே. ராமானுஜம் வரைந்த கனவு நகரங்கள் எனக்கு இன்னும் நெருக்கமானவை.

நம் ஊரிலிருந்து மருத்துவத்துக்கும் புடவைக்கும் சென்னை போகிறவர்கள் ஏராளம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் ஏறி ஒரு மாலை அங்கே இறங்குங்கள். 2009இல் திறந்த அருங்காட்சியகத்தில் அந்தத் தலைமுறையின் படங்களை ஒன்றாகப் பார்க்கலாம்.