குறை படத்திலா, பிரதியிலா?

"பழைய தமிழ்ப் படமெல்லாம் ஒரே மங்கல், பார்க்கவே முடியல" என்று நம் பிள்ளைகள் சொல்வதைக் கேட்காத வீடு வெளிமாநிலத் தமிழரிடையே அநேகமாக இருக்காது. நாம் அதை ரசனை வேறுபாடு என்று எண்ணி, "இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு எப்படி உருவாகிறது என்று சற்று நின்று பார்த்தால் வேறொன்று தெரியவரும். பிள்ளை கண்டது படத்தின் ஒரு பிரதியை. பிரதியின் குறையைப் படத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது கண். இந்தக் கணக்குத் தவறு நமக்கு என்ன இழப்பைத் தருகிறது என்பதே என் கவலை.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு ஒரு பழைய படம் மறுவெளியீட்டில் நல்ல திரையில் காணக் கிடைக்கலாம். நமக்கு அது வந்த வழி வேறு. முதலில் வீடியோ கேசட், பிறகு வீசிடி, கேபிள், 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் இலவச டிடிஎச் சேவை தொடங்கியபின் மொட்டைமாடிக் குடை, இப்போது கைபேசி. இவற்றில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதெல்லாம் படம் கொஞ்சம் தேய்ந்தது. இன்று இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் பல, பிரதியின் பிரதிக்குப் பிரதி என்று சொல்லத்தக்கவை.

தேய்மானம் எப்படி நேர்கிறது? டிஜிட்டல் காணொளியின் அடித்தளமாக இருப்பது 'டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்' என்னும் கணித முறை. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974 ஜனவரியில் இதை வெளியிட்டார்கள். படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடலாம் என்பது இதன் பயன். அருமையான யோசனை. ஆனால் அளவோடு கழித்தால்தான் அருமை.

வீசிடியின் கணக்கைப் பாருங்கள். அதன் படம் அகலத்தில் 352 புள்ளி, உயரத்தில் 288 புள்ளி. நொடிக்குச் சுமார் 11.5 லட்சம் பிட்டுக்குள் அதை அடக்கவேண்டும். சுருக்காமல் அனுப்பினால் ஏறத்தாழ 3 கோடி பிட் ஆகும். அதாவது 26 பங்கில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியைக் கைவிட வேண்டும். நடிகரின் முகம் திரை உயரத்தில் ஆறில் ஒரு பங்கு என்று கொண்டால் 48 புள்ளி. உயரவாக்கில் ஆறே கட்டம்! கண் ஒன்று ஒரே கட்டத்துக்குள் அடங்கிப்போகும். அந்தக் கட்டத்தின் நுணுக்கம் கழிந்தால் பார்வை போச்சு. சிவாஜியின் கண்ணைப் பற்றி நாம் மணிக்கணக்கில் பேசுவோம். அந்த வட்டில் கண்ணே இல்லை.

பழைய ஆன்டெனா காலத்தில் மட்டும் படம் தெளிவாகவா இருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்போதும் திரையெங்கும் புள்ளி புள்ளியாகப் பனி கொட்டும். ஆனால் அந்தப் பனி எங்கும் ஒரேமாதிரி சிதறிக் கிடக்கும். அதற்கு உருவம் கிடையாது. மழையில் ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பதுபோல் கண் அதைத் தள்ளிவிட்டு அப்பால் பார்த்துக்கொள்ளும். டிஜிட்டல் பிழைக்கு உருவம் உண்டு. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இல்லாத கோட்டை அது போடுகிறது. மூளையின் பார்வைப் பகுதியில் விளிம்புகளுக்கென்றே துடிக்கும் செல்கள் இருப்பதைக் கண்டறிந்த ஹூபெல், வீசல் இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். விளிம்பைத் தேடும் கண்ணுக்கு முன்னால் பொய் விளிம்பை வைத்தால் அது அங்கேதான் போய் ஒட்டும், முகத்துக்குத் திரும்பாது.

இன்னொன்று. இந்தச் சிதைவு படம் முழுவதையும் சமமாகத் தாக்குவதில்லை. வெளிச்சமான அறையில் இருவர் உட்கார்ந்து பேசும் காட்சி பெரும்பாலும் தப்பித்துவிடும். இருட்டு, தண்ணீர், மின்னும் விளக்கு, அசையும் இலை இவைதான் மாட்டிக்கொள்ளும். நம் சிறந்த படைப்பாளிகள் தங்கள் கலையை எங்கே வைத்தார்களோ, சரியாக அங்கேயே அடி விழுகிறது.

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954இல் வந்தது. பாட்டே இல்லாத படம். மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிழலும் ஒரு பாத்திரம். வழக்கமான டிஜிட்டல் வீடியோவில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே இருநூற்றுச் சொச்சம் படிகள்தான். இருட்டான பகுதிக்கு அதில் சொற்பமே கிடைக்கும். சுருக்கத்தில் அதுவும் குறைந்தால், மெல்ல அடர்ந்துவரும் நிழல் படிக்கட்டுப் பட்டைகளாக உடைகிறது. அடுத்தடுத்த பட்டைகள் சேரும் இடத்தை உள்ளதைவிட அழுத்தமாகக் காண்பது கண்ணின் இயல்பு. எர்ன்ஸ்ட் மாக் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதை விளக்கியிருக்கிறார். பயமூட்ட வேண்டிய நிழல் சுவரில் விழுந்த கறை மாதிரி நிற்கும்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) முடிவில் ஊரே கரையில் நிற்க, அவன் ஆற்றில் இறங்குகிறான். வசனத்தைவிட அசோக்குமார் காட்டும் நீர்தான் அங்கே பேசுகிறது. ஓடும் நீரில் ஒரு பிரேமைப் போல் அடுத்த பிரேம் இருக்காது. முந்தைய பிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் அனுப்பிச் சிக்கனம் செய்யும் முறை அங்கே திணறிப்போகும். ஆறு கொழகொழவென்று சதுரங்களாகும். 'அக்னி நட்சத்திரம்' (1988) உச்சக்கட்டத்தில் விளக்குகள் மின்னி மின்னி அணையும்போதும் இதே கதைதான். அதே பி. சி. ஸ்ரீராம் தேசிய விருது பெற்ற 'நாயகன்' (1987) மும்பைத் தமிழரின் கதை. அதில் பாதி முகத்தை இருளில் வைத்ததன் அர்த்தம், மலிவுப் பிரதியில் 'சரியா லைட் போடல' என்று ஆகிவிடுகிறது.

இனித் தரத்தை அளப்பவர்களிடம் வருவோம். பிஎஸ்என்ஆர் என்ற அளவுகோல், மூலத்துக்கும் பிரதிக்கும் புள்ளிக்குப் புள்ளி உள்ள வேறுபாட்டைக் கூட்டிச் சொல்லும். முழுப் படத்தையும் ஒரு புள்ளி நகர்த்தி வைத்தால் மதிப்பெண் சரிந்துவிடும். நம் கண்ணுக்கோ ஒன்றும் தெரியாது. முகத்தில் மட்டும் கட்டம் விழுந்தால் மதிப்பெண் பெரிதாகக் குறையாது. பார்ப்பவருக்கோ எல்லாம் போச்சு. இதை உணர்ந்துதான் 2004இல் எஸ்எஸ்ஐஎம், 2016இல் விமாஃப் என்று கண்ணுக்கு நெருக்கமான அளவுகோல்கள் வந்தன. இவையும் கடைசியில் மனிதர் தரும் மதிப்பெண்ணோடுதான் ஒத்துப்பார்க்கப்படுகின்றன.

அந்த மனிதரை எப்படிச் சோதிக்கிறார்கள்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.500 என்ற விதிமுறை உண்டு. துறை சாராத பார்வையாளர் குறைந்தது 15 பேர். பத்து விநாடி அளவிலான துண்டுக் காட்சிகள். 'மிக நன்று' முதல் 'மோசம்' வரை ஐந்து படி. இதில் இரண்டு வகை. ஒன்றில் மூலத்தையும் பிரதியையும் இரண்டையும் காட்டுவார்கள். மற்றதில் பிரதியை மட்டும் காட்டி மதிப்பெண் கேட்பார்கள். என் வாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர் முதல் வகைப் பார்வையாளர்; தியேட்டரில் கண்ட மூலம் அவர் நினைவில் ஓடுகிறது. பிள்ளை இரண்டாம் வகை. மூலத்தைக் கண்டதே இல்லை. இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து இரண்டு வேறு படங்களைப் பார்க்கிறார்கள்.

இதோடு விருப்பமும் சேர்கிறது. பார்ப்பவருக்குப் பிடித்த விஷயமாக இருந்தால் அதே சிதைவுக்கும் கூடுதல் மதிப்பெண் தருகிறார் என்று கோர்ட்டம், சல்லிவன் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆக, தாத்தா அன்பால் மன்னிக்கிறார். மன்னிக்க அந்த அன்பு பேரனுக்கு இன்னும் வரவில்லை. அந்த அன்பு பிறக்கவேண்டிய இடமே படம்தான். படம் தெளிந்தால் பிடிக்கும், பிடித்தால்தான் மங்கலைப் பொறுப்பான் என்ற இந்தச் சுழலில் அகப்பட்டுக்கொள்வது அடுத்த தலைமுறை.

பழக்கம் என்ற ஆபத்தும் உண்டு. கிட்டத்தட்ட சதுரமாக எடுத்த பழைய படத்தை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பினால் உருவங்கள் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். "எம்ஜிஆர் இவ்ளோ குண்டா?" என்று கேட்டுச் சிரிக்கிறோம், சற்று நேரத்தில் அது உறுத்தாமல் போகிறது. கோணலான முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தபின் நேரான முகமே எதிர்ப்பக்கம் கோணலாகத் தோன்றும் என்பதை வெப்ஸ்டர், மக்லின் 1999இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். சிதைவுக்குப் பழகிய கண்ணுக்கு மூலமே தப்பாகப் படும்.

சுத்தப்படுத்தியதாகச் சொல்லி வலம்வரும் பிரதிகள் மருந்தா? எனக்குச் சந்தேகம். பிலிமின் மணல்போன்ற துகளை அழுக்கென்று துடைத்தால் தோலின் உயிரும் கூடவே போகிறது. முகம் மெழுகுப் பொம்மை ஆகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவு இல்லாத நுணுக்கத்தைத் தானே ஊகித்து வரைகிறது. பளிச்சென்று இருக்கும். ஆனால் அந்தப் புருவம் நடிகருடையதா, இயந்திரத்தின் கற்பனையா? மங்கல், இழந்தோம் என்றாவது சொல்கிறது. இந்தப் பளபளப்பு அதையும் மறைத்துவிடுகிறது. முறையாகச் செய்தால் பலன் உண்டு என்பதற்கும் சாட்சி இருக்கிறது: 1964இன் 'கர்ணன்' டிஜிட்டலில் சீரமைக்கப்பட்டு 2012இல் வெளியானபோது இளைஞர்களும் வந்து பார்த்தார்கள்.

நாம் செய்யக்கூடியது என்ன? வீட்டில், ரிமோட்டில் படத்தின் அகல-உயர விகிதத்தைச் சரிசெய்வது. கூர்மையைக் கூட்டும், அசைவை வழவழப்பாக்கும் வசதிகளை அணைப்பது. நல்ல டிவிடியோ ப்ளூரேயோ இருந்தால் இலவசப் பிரதியை ஒதுக்குவது. சங்கங்களில், விழாத் திரையிடலுக்குப் படத்தைத் தேர்ந்தெடுப்பதோடு நில்லாமல் பிரதியையும் தேர்ந்தெடுப்பது. முதல்நாளே ஓர் இருட்டுக் காட்சியையும் ஒரு நெருக்கமான முகத்தையும் போட்டுப் பார்த்தால் போதும், பத்து நிமிட வேலை. ஆண்டுக்கு மூன்று படம் போடுகிற இடத்தில் ஒன்றே ஒன்றைக் கண்ணுக்கு நிறைவான பிரதியில் போடுங்கள் என்பேன். கடைசி வரிசைப் பிள்ளைக்கும் நடிகரின் கண் தெரியட்டும். அதற்குப் பிறகும் "பிடிக்கல" என்று சொன்னால், அது படத்தைப் பார்த்துச் சொன்ன விமர்சனம். அதோடு நாம் தாராளமாகச் சண்டை போடலாம்.