கட்டண ஆலோசகரும் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையும்

அமெரிக்காவின் பெயர்பெற்ற கல்லூரிகள் கையாளும் 'முழுமை மதிப்பீடு', அதாவது மதிப்பெண்ணோடு கட்டுரை, ஆசிரியர் பரிந்துரை, பாடப்புறச் செயல்பாடு, குடும்பப் பின்னணி ஆகியவற்றையும் சேர்த்து எடைபோடும் முறைதான், கட்டணம் பெற்றுக்கொண்டு விண்ணப்பத்துக்கு வழிகாட்டும் தனியார் ஆலோசகர் என்ற தொழில் செழிக்க இடமளித்தது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டுத் தரவரிசைப்படி இடம் ஒதுக்கும் தமிழகப் பொறியியல் கலந்தாய்வில், கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தருவதற்கு மேல் ஓர் ஆலோசகர் செய்யக்கூடியது சொற்பமே. அமெரிக்க முறையிலோ எந்தக் கூறுக்கு எவ்வளவு எடை என்பது வெளியாருக்குத் துல்லியமாகத் தெரியாததால், உண்மையில் தெரிந்தவருக்கும் தெரிந்தவர்போல் பேசுபவருக்கும் ஒரே சந்தை அமைந்துவிடுகிறது.

இத்தொழிலின் பயனை மறுப்பதற்கில்லை. பள்ளி ஆலோசகர் ஒருவருக்கு 250 மாணவர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரையாக இருந்தும், பெரும்பாலான மாநிலங்கள் அந்த அளவை எட்டாத நிலையில், ஒரு மாணவரோடு பொறுமையாக உட்கார்ந்து பேச ஆள் கிடைப்பதே பெரிது. நல்ல ஆலோசகரின் திறமை கவர்ச்சியற்ற வேலைகளில்தான் வெளிப்படுகிறது: மாணவருக்குப் பொருந்துகிற, ஆனால் அவர் கேள்விப்பட்டிராத கல்லூரிகளைப் பட்டியலில் சேர்ப்பது, அறிவிக்கப்பட்ட கட்டணத்திலிருந்து உதவித்தொகையைக் கழித்துக் குடும்பம் உண்மையில் செலுத்தவேண்டிய நிகரத் தொகையை மதிப்பிடுவது, இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக முன்கூட்டியே உறுதியளிக்கும் 'எர்லி டெசிஷன்' விண்ணப்பம், பிற கல்லூரிகளின் நிதியுதவியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பைப் பறித்துவிடும் என்று எச்சரிப்பது.

ஆனால் சந்தையில் விலைபோவது இந்த உழைப்பு அன்று, ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற பெயர்களே. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் ஆகிய பொருளியலாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே அளவு தேர்வு மதிப்பெண் பெற்றவர்களிடையேயும், வருமானத்தில் உச்ச 1% குடும்பத்துப் பிள்ளைகள் இத்தகைய 12 கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்தாருடையதைப்போல் இருமடங்குக்கும் மேலாக உள்ளது. இதற்கு அவர்கள் காட்டும் காரணங்களான முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்குத் தரப்படும் முன்னுரிமை, விளையாட்டு வீரர் சேர்க்கை, பாடம்சாராத் தகுதிகளுக்கான மதிப்பீடு ஆகியவற்றுள் முதலாவதை எந்த ஆலோசகராலும் உண்டாக்க முடியாது. அவர் கைவைக்கக்கூடியது பெரும்பாலும் மூன்றாவதில்தான். ஆகவே ஆலோசனை நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் வெற்றி விகிதத்தில், வசதியும் மதிப்பெண்ணும் ஏற்கெனவே பெற்றிருந்த பிள்ளைகள் எப்படியும் அடைந்திருக்கக்கூடிய பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய வழியே இல்லை. ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் இருவரின் 2002-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் சங்கடமானது: உயர்தரக் கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வேறிடத்தில் படித்தவர்களின் பிற்கால வருமானம், அங்கேயே படித்தவர்களுடையதைவிடப் பெரிதும் குறைந்திருக்கவில்லை, விதிவிலக்காகப் பயனடைந்தவர்கள் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளே. சராசரியை விட்டு உச்ச 1% வருமானத்தை எட்டும் வாய்ப்பைப் பார்த்தால் அக்கல்லூரிகளால் பலன் உண்டென்று 2023-ஆம் ஆண்டு ஆய்வு திருத்திக் காட்டினாலும், கட்டணம் கொடுக்க இயலாதவருக்கே வழிகாட்டல் கூடுதலாகத் தேவை என்ற முரண் அப்படியே நிற்கிறது.

அறம் சார்ந்த சிக்கல் கட்டுரையில் தொடங்குகிறது. 'காமன் ஆப்' என்னும் பொது விண்ணப்பத்தின் முதன்மைக் கட்டுரை 650 சொற்களுக்குள் அமையவேண்டும் என்றிருக்க, பதினேழு வயதுப் பிள்ளையின் குரல் மறையுமளவுக்குத் திருத்தித் தரும் கைக்கும் எழுதித் தரும் கைக்கும் இடைவெளி மெல்லியது. 2019-இல் வெளிப்பட்ட, வில்லியம் ரிக் சிங்கர் என்ற சேர்க்கை ஆலோசகரின் வழக்கில் பயிற்றுநர்களுக்குக் கையூட்டும் நுழைவுத்தேர்வு மோசடியும் நடந்தன. 2023-இல் அவருக்கு மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவரை வைத்துத் தொழில் முழுவதையும் பழிப்பது முறையன்று. எனினும் ஒழுங்குபடுத்தும் உரிமமுறை இல்லாத தொழிலில் அவர் நெடுங்காலம் மதிப்போடு இயங்க முடிந்தது என்பது கவனத்துக்குரியது.

ஆலோசகர் யாருடைய ஆள் என்பதைத் தீர்மானிப்பது அவருக்குப் பணம் தருபவரே. 1976-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தனிநிலைக் கல்வி ஆலோசகர் சங்கம், மாணவரைச் சேர்த்துவிடுவதற்காகக் கல்லூரிகளிடம் பணம் பெறுவதைத் தன் உறுப்பினர்களுக்குத் தடைசெய்கிறது. தமிழக நகரங்களில் 'இலவச ஆலோசனை' தரும் வெளிநாட்டுக் கல்வி முகவர்கள் பலர், மாறாக, சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் பல்கலைக்கழகத்திடம் தரகு பெறுகிறார்கள். இவர்களின் பட்டியலில் ஒரு கல்லூரி ஏன் இருக்கிறது என்பதைவிட வேறொன்று ஏன் இல்லை என்று கேட்பதே பெற்றோருக்குப் பயன்தரும். கட்டணம் வாங்கும் ஆலோசகரை நாடுவோரும், நிகரத் தொகைக் கணிப்பானைக் கல்லூரிகள் 2011 முதல் தத்தம் இணையதளத்தில் இலவசமாகவே தரக் கடமைப்பட்டுள்ளதால், அதையும் பள்ளி ஆலோசகரையும் பயன்படுத்திய பின் எஞ்சும் ஐயங்களுக்கு மட்டும் மணிக்கணக்கில் பணம் கொடுப்பது, பல்லாண்டுத் தொகுப்புக்கு ஒப்பந்தமிடுவதைவிடச் செலவுக்கேற்ற பயன் தரக்கூடியது.