28 நாள் ஆராய்ச்சி

மதுரை தியாகராஜர் பொறியியற் கல்லூரியின் வேதியியற் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லியின்மேல் உருகிப் படரச் செய்து தார்ச்சாலை போடும் முறையைக் கண்டமைக்காக 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றதுமுதல், நம் பொறியியற் கல்லூரிகளில் ஒரு வாதம் வேரூன்றிவிட்டது. கிடைத்த கழிவு எதுவாயினும் அதில் சிறிது எடுத்துக் காங்கிரீட்டில் கலந்து, வலிமையைச் சோதித்து, கட்டுரை ஒன்று எழுதிவிட்டால் அது தேசத்துக்குச் செய்த சேவை என்பதே அவ்வாதம். ஐயம் எழுப்புவோருக்கு வாசுதேவனின் பெயரே விடையாகச் சொல்லப்படுகிறது.

இத்தகைய ஆராய்ச்சியால் நன்மையே விளையவில்லை என்று நான் கூறவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் சிமெண்டில் இடம்பெற்றதும், ஆற்று மணல் அரிதாகியபின் எம்-சாண்டைக் கொத்தனார்கள் அச்சமின்றிக் கையாளத் தொடங்கியதும் சோதனைச்சாலையின் துணையால்தான். அவ்வளவே.

உமிச் சாம்பல், தேங்காய்ச் சிரட்டை, கண்ணாடித் தூள் என்று கலக்கும் வஸ்து மாறுகிறதேயன்றி முறை மாறுவதில்லை. 150 மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்றை வார்த்து, ஏறத்தாழ 27 டிகிரி வெப்பத்தில் தொட்டி நீரில் மூழ்கவைத்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் யந்திரத்தில் நசுக்கி, இத்தனை சதவீதம் வரை கலக்கலாம் என்று முடிவுரை எழுதுகிறார்கள். அந்தக் கனசதுரம் வாழ்ந்த சுகவாழ்வு நம் ஊர்க் கட்டடம் எதற்கும் வாய்ப்பதில்லை. அழகர் வண்டியூருக்கு எழுந்தருளும் சித்திரையில், அவ்வூர்க் கண்மாயின் பழைய ஆயக்கட்டில் மனை போட்டு வீடு கட்டும் இடங்களில் நின்று பார்த்தால் இது விளங்கும். தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினாலும், தூண்களுக்குச் சுற்றிய சாக்கு மூன்றாம் நாளே காய்ந்து கிடக்கும். தண்ணீரை லாரியில் விலைக்கு வாங்கும் வீட்டுக்காரரை அதற்காக யார் கடிந்துகொள்வது? வெயில் கடுமையான இடங்களில் கலப்புச் சிமெண்டில் வார்த்த காங்கிரீட்டை 14 நாள் வரை ஈரத்தில் வைக்கும்படி பரிந்துரைக்கிறது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரவிதி. சாம்பல் கலந்த கலவை மெதுவாக இறுகுவதால் அதற்கே ஈரம் நெடுநாள் தேவை. ஆகவே ஆராய்ச்சி எந்தக் கலவையைச் சிபாரிசு செய்கிறதோ அதுவே நம் அவசரத்தால் அதிகம் கெடுகிறது. கலவை இளகி ஓடவேண்டுமென்று மேஸ்திரி கூடுதலாக ஊற்றச் சொல்லும் ஒரு குடம் தண்ணீரோ, ஆய்வாளர் பாடுபட்டுச் சேர்த்த வலிமையைக் குடித்துவிடுகிறது. மேஸ்திரியும் சித்தாளும் அக்கட்டுரைகளில் ஒரு வரியிலேனும் தலைகாட்டுவதை நான் கண்டதில்லை.

வாசுதேவனைத் துணைக்கழைப்போர் அவர் செய்ததில் பாதியையே பார்க்கிறார்கள். 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுப் பார்த்தார். பின்னர்ப் பல இடங்களில் போடப்பட்ட சாலைகள் சில ஆண்டு மழையும் வெயிலும் பாரமும் தாங்கிய பிறகு, மறுபடியும் அங்கே சென்று அவற்றின் நிலையை அளந்த ஆய்வு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வெளியீடாக வந்தது. அவ்விதம் திரும்பிச் சென்று பார்ப்பதைத்தான் நம்மவர்கள் அறவே விட்டுவிட்டார்கள். 28 நாள் ஒரு கல்விப் பருவத்துக்குள் அடங்கும், பத்தாண்டு அடங்காது. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கையே பிரமாணமாக இருக்கும்வரை எந்தப் பேராசிரியர் பத்தாண்டு காத்திருப்பார்? கான்பூரிலும் கானாவிலும் இதே கனசதுரம்தான் நசுங்கிக்கொண்டிருக்கிறது என்பது நமக்குச் சமாதானமாகாது.

வண்டியூர்ப் பக்கம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுந்த வீடுகளில், மாடிப்படியின் அடியில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிர்ந்திருப்பதைக் காண யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. கதவைத் தட்டி, என்ன கலவை போட்டீர்கள், எத்தனை நாள் நனைத்தீர்கள், எந்த மழையில் முதலில் கசிந்தது என்று விசாரித்து எழுதினாலே உத்தமமான ஆய்வேடு ஒன்று உருவாகும். அதை எழுதிக்கொண்டு வரும் மாணவரிடம், இதில் புதிதாக என்ன பொருளைக் கலந்தாய் என்று அவருடைய வழிகாட்டி கேட்பார் என்பதையும் நான் அறிவேன்.