செங்கோட்டுச் சிப்பாயும் அக்ரிலிக்கும்

1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூ களத்தில் நின்ற பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாயை 54 மில்லிமீட்டர் உயரத்தில் வார்த்து வண்ணம் தீட்டுவது, வரலாற்று மினியேச்சர் கலைஞர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக்கொள்ளும் வேலை. எனாமலும் ஆயிலும் ஆண்ட அந்த மேசையில் இன்று பெரும்பாலும் அக்ரிலிக்தான். இந்த மாற்றம் சிப்பாய்க்கு நியாயம் செய்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வண்ணத்தோடு வெளிச்சத்தையும் ஏன் தீட்ட வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். 54 மில்லிமீட்டர் உருவம் ஏறத்தாழ 32-இல் ஒரு பங்கு அளவு. சட்டையின் மடிப்பு அதில் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. அறை விளக்கு அந்த மடிப்பில் கண்ணுக்குத் தெரியும் நிழலை உண்டாக்காது. ஆகவே நிழலையும் ஒளியையும் தூரிகைதான் கொண்டுவர வேண்டும். எல்லா நல்ல மினியேச்சரிலும் இந்தப் புனைவு உண்டு. அது எந்த அளவோடு நிற்க வேண்டும் என்பதில்தான் எனக்கும் இன்றைய போக்குக்கும் வழக்கு.

அக்ரிலிக்கின் பலம் அதன் வேதியியலில் இருக்கிறது. நீரில் மிதக்கும் பாலிமர் துகள்களுக்கிடையே நிறமி கலந்திருக்கும். நீர் ஆவியானதும் துகள்கள் ஒட்டிப் படலமாகிவிடும். அதன்மேல் மறுபடி நீர் பட்டாலும் கரையாது. கண்ணாடிபோல மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நம்பி ஏற்றலாம். ஆயில் காற்றின் ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகும்; நாட்கள் பிடிக்கும். இறுகிய பின்னும் பளபளப்பு மிஞ்சும் என்பதால், பலர் ஆயிலை முதலில் அட்டையில் வைத்து எண்ணெயை உறிஞ்சவிட்டுத்தான் தொடுவார்கள். சிப்பாயின் கோட்டு முரட்டுக் கம்பளித் துணி. அதில் மினுக்கம் கிடையாது. மினியேச்சருக்கென்று செய்யப்படும் அக்ரிலிக்குகளில் பல மங்கலாகவே காய்பவை. துணி விஷயத்தில் இந்த ஒரு குணமே அக்ரிலிக்கை முன்னால் நிறுத்திவிடுகிறது.

ஆனால் எந்தச் சிவப்பு? பெரும்பாலான பொம்மைகள் இங்கேதான் தோற்கின்றன. அன்றைய பிரிட்டிஷ் படையில் அதிகாரியின் கோட்டு கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயத்தில் தோய்த்த பளிச்சென்ற செஞ்சிவப்பு. சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மலிவான மேடர் வேர்ச் சாயம். நிறம் செங்கல்லை ஒட்டியது. (தமிழ்நாட்டுச் சாயவேரின் சிவப்புக்கும் மேடரின் சிவப்புக்கும் அடிப்படை அலிசரின் என்ற ஒரே சாயப்பொருள்தான். பழைய சாயவேர்த் துணியைப் பார்த்தவர்களுக்கு அந்த அடக்கம் புரியும்.) அருங்காட்சியகங்களில் மிஞ்சி நிற்பவை பெரும்பாலும் அதிகாரிகளின் கோட்டுகள். அவற்றைப் பார்த்துத் தீட்டுபவர் தம்மை அறியாமலே சிப்பாய்க்குப் பதவி உயர்வு கொடுத்துவிடுகிறார். போதாததற்கு, போருக்கு முந்தைய இரவு முழுக்க மழை. அந்தக் கோட்டுகள் நனைந்து சேறு படிந்தவை.

புட்டியிலிருந்து எடுத்த சிவப்பை அப்படியே பூசினால் இந்த நிறம் வராது. சிவப்பு நிறமிகள் பலவும் ஊடுருவித் தெரிபவை; அடிப்பூச்சை மூடாது. வெளிறச் செய்ய வெள்ளையைக் கலந்தால் ரோஜா நிறமாகிவிடும். செம்பழுப்பில் அடித்தளம் போட்டு, மேலே சிவப்பை ஏற்றி, ஒளிபடும் விளிம்புக்கு ஆரஞ்சோ தோல் நிறமோ கலந்து, நிழலுக்கு அடர்பழுப்பை மெல்லிய பூச்சாக இறக்குவதுதான் சரியான வழி. இந்த அடுக்கு வேலைக்கு அக்ரிலிக்குக்கு இணையில்லை. ஒரே ஒரு தொல்லை உண்டு: ஈரத்தில் பால்போல் இருக்கும் பாலிமர் காயும்போது தெளிவதால் நிறம் ஒரு படி கருத்துவிடும். ஒவ்வொரு கலவையையும் காயவிட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது.

இனி என் முக்கியக் குற்றச்சாட்டு. அக்ரிலிக் விரைவில் காய்வதால் விளிம்பு கூர்மையாக நிற்கும். எதிரெதிர் நிறங்களை அருகருகே நிறுத்துவது எளிது. கேமராவும் போட்டி மேசையும் அதைத்தான் விரும்புகின்றன. விளைவு, கம்பளிக் கோட்டின் தோளில் பட்டின் பளபளப்பு. முகத்தில் மேடை விளக்கு விழுந்ததுபோல் வெள்ளைக் கோடுகள். பொருளை மறந்து வெளிச்சத்தை மட்டும் தீட்டிய வேலை இது. கற்பனை உலகப் போர்வீரனுக்கு அது பொருந்தும். வாழ்ந்து மடிந்த ஒரு படையின் சிப்பாய்க்குப் பொருந்தாது.

உலோகத்தைச் சாம்பல், வெள்ளை, கறுப்பு நிறங்களாலேயே பாவனை செய்யும் முறையும் இந்தப் போக்கின் பிள்ளைதான். கைத்திறனாக அதை மதிக்கிறேன். ஆனால் அது ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் மட்டுமே உலோகம். சிலையைத் திருப்பினால் தீட்டிய மின்னல் அதே இடத்தில் உறைந்து நிற்கும். சிப்பாயின் கையிலிருந்தது பெரும்பாலும் இந்தியா பேட்டர்ன் மஸ்கட். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்யப்பட்டு, 1790-களில் பிரிட்டிஷ் ராணுவமும் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி. 39 அங்குலக் குழல் இந்த அளவில் 31 மில்லிமீட்டர். மெல்லிய உலோகப் பெயின்டை அதில் பூசி, அடிப்பக்கத்தை மட்டும் கருநீலப் பூச்சால் அடக்கினால், பார்ப்பவர் நகரும்போது ஒளியும் நகரும். முப்பரிமாணக் கலைக்கு அதுவே நேர்மை.

ஆயிலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் இருக்கிறது. குதிரையின் உடலில் நிறம் எங்கே மாறுகிறதென்றே தெரியாமல் மாற வேண்டும். அங்கே மெதுவாகக் காய்வதே வரம். ஸ்காட்ஸ் கிரேஸ் என்ற குதிரைப்படைப் பிரிவின் வீரனை அவன் வெள்ளைக் குதிரையோடு தீட்டுபவர், அக்ரிலிக் அடித்தளத்தின்மேல் ஆயிலை எடுத்துக்கொள்ளட்டும். முகத்திலும் ஆயில் மென்மை தரும் என்பது உண்மை. ஆனால் 54 மில்லிமீட்டர் முகத்தில் பொறுமையான அக்ரிலிக் பூச்சு அதை எட்டிவிடுகிறது.

நின்று போரிட்ட காலாட்படை வீரனுக்கு அக்ரிலிக்கே சிறந்த ஊடகம். அந்தச் சிறப்பு நிலைக்க இரண்டு நிபந்தனைகள்: கோட்டின் உச்ச ஒளி கம்பளி தாங்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும், உலோகத்துக்கு உலோகப் பெயின்டையே பயன்படுத்த வேண்டும். போட்டிகளில் மதிப்பெண் போடுபவர்கள் இந்த இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், தீட்டுபவர்களும் மேடர் சிவப்புக்குத் திரும்புவார்கள்.