முடிக்க விடாத கணக்கு

2016-இல் வந்த 'தி அக்கவுண்டன்ட்' படத்தில் சண்டைகள் ஏராளம். என் மனசில் நின்றதென்னவோ கணக்குக் காட்சிதான். ஆட்டிசம் உள்ள கிறிஸ்டியன் வுல்ஃப் (பென் அஃப்லெக்) ஒரு கம்பெனியின் 15 வருடக் கணக்குகளை ஒரே ராத்திரியில் புரட்டி, கண்ணாடிச் சுவரெல்லாம் எண்களாக்கிக் கையாடலைக் கண்டுபிடிக்கிறான். பணம் யாரிடம் போனது என்று தேறுமுன் 'போதும்' என்கிறார்கள். பாதியில் நின்ற வேலை அவனைப் படுத்துகிற பாடு! கணக்கெழுதிப் பிழைத்தவனுக்கு அது புரியும்.

பட்டாளத்து அப்பா பிள்ளையை அடிதடியில் பழக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வுல்ஃப் பணம் தரும் இல்லத்தைக் கடைசியில் காட்டிச் சமாதானம் சொல்கிறார் இயக்குநர் கவின் ஓ'கானர். அங்கேயும் வாய் பேசாத பெண் கம்ப்யூட்டர் மேதையாம். மேதையாக இல்லாத ஆட்டிசப் பிள்ளை எங்கே போகும்?