மழை தாங்கும் செப்டிக் டேங்க்

கீழ்பென்னாத்தூரில் செப்டிக் டேங்க் வடிவமைப்பவரின் திறமை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் தெரியும். தொட்டிக்குள் நடப்பது எளிது: கசடு அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், இடையிலுள்ள நீர் ‘டீ’ குழாய் வழியே வெளியேறும். அதை வாங்கும் உறிஞ்சுகுழியில்தான் கைப்பக்குவம் வேண்டும். தேர்ந்தவர் விலை பேசுமுன் சிறு குழி தோண்டி, நீரூற்றி மண்ணை ஊறவைத்து, 25 மில்லிமீட்டர் நீர் இறங்க எத்தனை நிமிடமாகிறது என்று பொறுமையாகப் பார்ப்பார். மணல் கலந்த செம்மண் மளமளவென்று குடிக்கும், களிமண் அசைந்துகொடுக்காது. கோடையில் போட்ட கணக்கு மழையில் பொய்க்கலாம். எனவே பக்கத்துக் கிணற்றில் மழைக்கு நீர் எதுவரை ஏறும் என்று விசாரிப்பவரையே அமர்த்த வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து உறிஞ்சுகுழி 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470 தரவிதி. சின்ன மனைகளில் அது பெரும்பாடு. மொட்டைமாடித் தண்ணீரை அந்தக் குழியில் விடவே கூடாது.