சுதந்திரமா, சுதந்திரங்களா?

சமுதாயத்தின் பிளவுகளைச் சொற்களும் தாங்கி நிற்கின்றன. ‘சுதந்திரம்’ அத்தகைய ஒரு சொல். மேடைப் பேச்சிலும், கவிதையிலும், கல்முனைப் பாடசாலை மாணவன் பெப்ரவரியில் எழுதும் கட்டுரையிலும் அது பெரும்பாலும் ஒருமையிலேயே வழங்குகின்றது. இவ்வொருமை யாருக்கு உதவுகின்றது என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

தமிழகத்தின் பழைய நில வழக்கில் இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது. களத்திலே நெல் அளக்கப்படும்போது ஊர்ப்பணி செய்வோர்க்கு வழக்கப்படி ஒதுக்கப்பட்ட பங்கும் ‘சுதந்திரம்’ எனப்பட்டது. அது நீதியான ஏற்பாடன்று. சாதிப் படிநிலையோடு பிணைந்தது. ஆயினும் அந்தச் சுதந்திரத்தை மரக்காலால் அளக்கலாம். கிடைத்ததா இல்லையா என்று கேட்கலாம்.

அரசியற் சொல்லாக வளர்ந்தபோது சுதந்திரம் இந்த அளவையை இழந்தது. 1948 பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாட்டின் சுதந்திரம் தேயிலை கொய்தவளின் சுதந்திரமாகவில்லை. கல்முனை அடங்கிய கரைவாகுப்பற்றின் வயல்களிலும் போடியாரின் சுதந்திரம் வேறு, முல்லைக்காரனின் சுதந்திரம் வேறு. குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்க முனைந்த நெற்காணிச் சட்டம் 1958 வரை வரவில்லை.

‘விடுதலை’ என்னும் சொல்லின் கதையும் சிக்கலானதே. 1990 ஒக்டோபரில், விடுதலையைத் தன் பெயரிலே தாங்கிய இயக்கம் வடமாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றியது. அதற்கு முன், ஆகஸ்டில், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தமிழ் மக்கள் அனுபவித்த ஒடுக்குமுறை மெய்யானது. அதனை இவை பொய்யாக்கா. ஆனால், கல்முனை வாசகன் அச்சொல்லை ஐயத்தோடு படிப்பதைப் ‘பிற்போக்கு’ என ஒதுக்கும் விமர்சனம், வரலாற்றைப் பாதியிலே மூடிவைத்த விமர்சனமாகும்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சுதந்திரத்தைப் பகுத்துக் கூறுகின்றது. பேசுதல், கூடுதல், சங்கம் அமைத்தல், தொழில் புரிதல், சொந்த மொழியைப் பயன்படுத்தல், நடமாடுதல் என 14ஆம் உறுப்புரை விரிகின்றது. 15ஆம் உறுப்புரை அவற்றுக்கு வரம்பிடுகின்றது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் நடைமுறையில் அவற்றை மேலும் சுருக்கியது. மன்னார் மாவட்டக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்னும் கவிதைத் தொகுதி தொடர்பாக 2020இல் அச்சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். 2023இலேயே நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வன்முறையை மறுத்த கவிதைகள் தீவிரவாதமாக வாசிக்கப்பட்டன. வாசிப்பும் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்பதை இலக்கிய விமர்சகர்கள் இதனினும் தெளிவாக அறிய வேறு சான்று வேண்டுமோ?

எனவே, ஆசிரியர்களே, மாணவர்களே! இச்சொல்லை நாம் பன்மையில் எழுதப் பழகுவோம். மருதமுனை நெசவாளி தன் துணிக்குத் தானே விலை கூறும் சுதந்திரம், மீனவன் கடன்காரனுக்குக் கட்டுப்படாது மீனை விற்கும் சுதந்திரம், மாணவி தான் விரும்பிய துறையைக் கற்கும் சுதந்திரம் என்று பெயர் சொல்லி எழுதுவோம். யாருடையது, எதிலிருந்து, எதற்காக என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கூறாத ‘சுதந்திரம்’ நம் எழுத்தில் இடம்பெறுமாயின், அது அளக்கப்படாத நெல்லே. அத்தகைய நெல் யார் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பதை உழுதவன் அறிவான்.